சிறு கோடு

பதினோரு நாளாகப் பிழை பூஜ்யம்.
தாலின் அலுவலகச் சுவரில் திரை பச்சையாய் எரிந்தது.
வெளியே பிற்பகல் மூன்றரைக்கே இருட்டு.
அஹ்தோ கேக் வாங்கிவந்து
ஒன்பது துண்டாக வெட்டினான்.
கிரீம் அதிகமுள்ள துண்டு எனக்கு.
பூஜ்யத்தைப் பூஜித்தோம்,
காகிதத் தட்டுகளை ஏந்தியபடி.

பன்னிரண்டாம் நாள் காலை
விர்ட்சு படகுத்துறையிலிருந்து அழைப்பு.
சீட்டுக் கொடுக்கும் பெண், பெயர் வீவெ,
குரலோடு கடற்காற்றும் சேர்ந்தே வந்தது:
"ஒரே இடத்தை இரண்டு லாரிக்கு விற்கிறது
உங்கள் மென்பொருள். மூன்று நாளாக.
நேற்று மீன் லாரிக்காரர் என்னைத் திட்டியதை
உங்கள் படிவத்தில் எந்தக் கட்டத்தில் எழுதட்டும்?"

நிமிர்ந்து சுவரைப் பார்த்தேன்.
பிழை: 0.
அவளிடம் என்ன சொன்னேன் என்பதை
இங்கே எழுதப் போவதில்லை.

பதிவுகளைத் தோண்டினேன்.
தோற்ற சோதனைகள் பூஜ்யம்.
யாரும் விரித்துப் பார்க்காத ஒரு மடிப்புக்குள்
ஓடிய சோதனைகள்,
அதுவும் பூஜ்யம்.
தேர்வே நடக்காத வகுப்பில்
ஒருவரும் ஃபெயில் இல்லை.

ஏதோ ஒரு சான்றிதழ் காலாவதியாகி
தகவல் சுமந்துவரும் நிரல்
பதினோரு நாளுக்கு முன்பே விழுந்துகிடக்கிறது.
விழுந்தால் வந்து சொல்லவேண்டியதும்
அதே நிரல்தான்.

மௌனம் சம்மதம் என்று
எந்த மடையன் இதை எழுதிவைத்தான்?
வரலாற்றைப் புரட்டினேன்.
வரி இருநூற்றுப் பன்னிரண்டு:
விடை வராவிட்டால் பூஜ்யம் என்று கொள்.
எழுதியவர்: லேலோ குஸ்க்.
இரண்டு வருடத்துக்கு முன், வெள்ளி, மாலை நாலு ஐம்பது.
கூடவே ஒரு குறிப்பு:
திரையில் ஓட்டை தெரிந்தால் அசிங்கமாயிருக்கிறது.

லேலோ குஸ்க் நான்தான்.

அன்றிரவு சமையலறையில் தம்பியின் நோட்டு கிடந்தது.
காய்டோ, குளிர்காலங்களில்
கடல் உறைந்து பாதையாகும்போது
துளையிட்டுப் பனியின் தடிமன் அளப்பவன்.
போன பிப்ரவரி, அவன் கோணல் கையெழுத்தில்:
முப்பத்தொன்று. இருபத்தெட்டு. இருபத்தொன்பது.
ஒரு இடத்தில் பூஜ்யம்,
பக்கத்தில் "தண்ணீர்" என்று மட்டும்.
இன்னொரு இடத்தில் சிறு கோடு.
"நாய்க்கு உடம்பு சரியில்லை, போகவில்லை."

கோட்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
தேநீர் ஆறி ஏடு கட்டியது.
அந்தக் கோட்டை நான் பூஜ்யமாக்கியிருப்பேன்.
காருக்குத்தான் வித்தியாசமில்லை,
இரண்டிலும் போகக்கூடாது.
ஆனால் ஒன்று கடல் சொன்னது.
மற்றது, கடலை யாரும் கேட்கவில்லை.

மறுநாள் அந்த வரியை அழித்தேன்.
சுவரில் மூன்றிலொரு பங்கு சாம்பல் நிறமானது.
மேலாளருக்குச் சாம்பல் பிடிக்கவில்லை,
"வாடிக்கையாளர் வரும் அறை இது" என்றார்.
அஹ்தோ மட்டும் நாற்காலியைத் திருப்பிப்போட்டு உட்கார்ந்து
ஒவ்வொரு சாம்பல் கட்டமாக எழுப்பினான்.
மாலைக்குள் சிவப்பு: நானூற்றுப் பதினேழு.
வெட்கமில்லாமல் சொல்கிறேன்,
நிம்மதியாய் இருந்தது.

இன்று காலை மறுபடி
பிழை பூஜ்யம்.
பக்கத்திலேயே சின்ன எழுத்தில்:
ஆயிரத்து நானூற்று ஆறு ஓடின,
கடைசியாக நாலு நிமிடம் முன்பு.

நம்பினேன்.
ஆனாலும் விர்ட்சுவுக்கு ஒரு போன் போட்டேன்.
மணி அடித்துக்கொண்டே இருந்தது.
படகு வந்திருக்கலாம்.
காப்பி குடிக்கப் போயிருக்கலாம்.
என் எண்ணைப் பார்த்துவிட்டு
வீவெ எடுக்காமலும் இருந்திருக்கலாம்.

புகார் உண்டா என்ற கட்டத்தில்
ஒரு கோடு போட்டேன்.
பத்து மணிக்கு மறுபடி அழைக்க வேண்டும்.