அட்டை

கண்டி ஆஸ்பத்திரியில் டொக்டர் நில்மினி
தாளில் வட்டம் கீறிச் சொன்னார்:
காவலுக்கு ஆள் இல்லாமலில்லை.
கட்டியைச் சுற்றி வந்து நிற்கிறார்கள்.
அது ஓர் அட்டையை நீட்டுகிறது.
நம்ம ஆள்தான் என்று திரும்பிவிடுகிறார்கள்.

எனக்குச் சிரிப்பு வந்தது.

மஸ்கெலியா லயத்தில் பிறந்து
முப்பத்தொரு வயது வரை அட்டை இல்லாதவள் நான்.
மலையில் காலேறிய அட்டைகள்தான் உண்டு,
வலிக்காமல் கடிக்கிறவை.
சாவடியில் பஸ்ஸை மறித்து இறக்கியவனிடம்
தோட்டத்துக் கடிதத்தை நீட்டினேன்.
அவன் கடிதத்தைப் பார்க்கவில்லை,
கொழுந்துக் கறை ஏறிய விரலைப் பார்த்தான்.
இரண்டு மணி நேரம், தூறலில்.

இதற்கோ ஒரு துரையும் கையெழுத்துப் போடவில்லை.
கள்ள அட்டையும் இல்லையாம்.
என் உடம்பே அச்சடித்தது.

அடங்கிப்போன காவலை உசுப்ப ஊசி உண்டு.
உசுப்பினால் ஆள் பாராமல்
குடலையும் தோலையும் அடித்தாலும் அடிக்கும்.
அதையும் சொன்னார், பேனாவை மூடியபடி.

பதிவுக்கு அட்டை கேட்டார் மிஸ்ஸி.
படத்தையும் முடி கொட்டிய தலையையும்
மாறி மாறிப் பார்த்தார்.
சிலம்பாயி... நீங்கதானா?

கன்னத்து மச்சத்தைத் தொட்டுக் காட்டினேன்.