பத்துக்கு ஐந்தரை

ஐந்தரை போட்டேன்.
அரை எதற்கென்று ஆசிரியர் கேட்டார்.
இழுப்பறைகள் தாமாக மூடிக்கொள்ளும் அழகுக்கு
என்றேன்.
அந்த மாதம் நாலு விமர்சனம் பாக்கி,
ஒன்றுக்கு அறுநூறு ரூபாய்.
‘உப்புத்துறை வழக்கு’ மூன்றாவது.

உள்ளங்கை அகலத்தில் திரை.
பழைய கப்பல் கம்பெனி, காணாமல் போன கணக்கர்,
தொப்பியைக் கழற்றாத துப்பறிவாளன்.
எல்லாவற்றையும் தொட வேண்டும்.
மேசையை, மைக்கூட்டை, நாட்காட்டியை,
ஜன்னலோரம் செத்துக் கிடக்கும் ஈயை.
தொட்டால் கீழே ஒரு வரி ஓடும்:
இங்கே ஒன்றுமில்லை.
முதல் அத்தியாயத்திலேயே நாற்பத்தோரு தடவை.
எண்ணி எழுதினேன்.
‘நகர மறுக்கும் கதை’
தலைப்பு நான் வைத்ததில்லை, ஆனால் பிடித்திருந்தது.

மற்றவர்களும் ஏறக்குறைய அதே.
பெங்களூர்க்காரர் ஆறு.
எதற்கும் எட்டு போடுகிறவர் எட்டு.
இசையை எல்லோரும் புகழ்ந்திருந்தோம்.
இசையைப் புகழ்ந்தால் யாரும் சண்டைக்கு வருவதில்லை.

முடித்த விளையாட்டை வைத்து என்ன செய்ய?
கருவியோடு கீழ்வீட்டு எபனேசரிடம் கொடுத்தேன்.
டிரெய்லர் ஓட்டுகிறார்.
எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில்
துறைமுக கேட்டுக்கான வரிசையில்
பதினெட்டு மணி நேரம், சில நாள் இருபத்தாறு.
ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் மணலியின் வாடை,
முன்னால் இன்னொரு கன்டெய்னரின் முதுகு.
குச்சி தொலைந்துபோய்
மை தீர்ந்த பேனாவால் தொட்டிருக்கிறார்.
திரையெல்லாம் மெல்லிய கீறல்.

பன்னிரண்டாம் நாள் மாடியேறி வந்தார்.
“உன்னுத படிச்சேன்மா. ஸ்லோன்னு போட்டுக்கீறே.”
“ஆமா.”
“ஒரு நாளு லைன்ல வந்து குந்து.
அப்பால சொல்லு இன்னா ஸ்லோன்னு.”
சிரித்தேன். ஒன்பதாவது போடுவார் என்று நினைத்து
“நீங்க எவ்ளோ குடுப்பீங்க?”
“மூணு.”

மூடியைத் திறந்தார்.
நாலாம் அத்தியாயம், கணக்கரின் வீடு.
ஓரத்தில் நிற்கிறாள் அவர் மனைவி,
கையைப் புடவையில் துடைத்தபடி,
ஒரே அசைவு, திரும்பத் திரும்ப.
“இவன் உள்ள வரலாமான்னு கேக்கவே இல்ல.
நாமதான் தொறக்கறோம். நம்ம கைதான்.”

அரிசி டப்பா. இங்கே ஒன்றுமில்லை.
பிள்ளையின் பை. இங்கே ஒன்றுமில்லை.

“போன வருசம் என் தம்பியத் தேடிக்கினு
நாலு பேரு வந்தாங்கோ.
அவன் அந்நேரம் காசிமேட்டுல ஐஸ் ஏத்திக்கினு இருந்தான்.
பீரோ, அரிசி டப்பா, பையன் ஜாமென்ட்ரி பாக்ஸ்.
ஒண்ணியும் இல்லன்னு பூட்டாங்கோ.”

பேனா முனையால் இழுப்பறையைத் தொட்டார்.
திறந்தது. வரி ஓடியது. வழுக்கிக்கொண்டு மூடியது.
“பாத்தியா? தானா மூடிக்குது.
எங்கூட்ல ரோஸ்லின்
ராத்திரி ரெண்டு மணிக்கு
தரையில அரிசி பொறுக்கிக்கினு கெடந்தா.”

நான் எதுவும் சொல்லவில்லை.
அவர்தான் சொன்னார், போகிற போக்கில்,
“மழ நல்லா வரஞ்சிக்கிறான். நாலுன்னு வெச்சுக்க.”

நாலாவது விமர்சனம் இன்னும் எழுதவில்லை.
கார் பந்தயம். முன்னால் வண்டியே இல்லாத ரோடு.
அதை ஒதுக்கிவிட்டு, ராத்திரி,
கணக்கரின் வீட்டுக்குப் போனேன்.
ஒரு இழுப்பறையாவது திறந்தபடி நிற்குமா என்று
இழுத்துப் பார்த்தேன், அழுத்திப் பார்த்தேன்,
நடுவில் அணைத்துப் போட்டும் பார்த்தேன்.
ஒவ்வொன்றும் மூடிக்கொண்டது, அழகாக.

இரண்டு தடவை விளையாடி முடித்தவள்,
அவளை ஒரு தடவைகூடத் தொட்டதில்லை
என்பது அப்போதுதான் உறைத்தது.
தொட்டேன்.
புடவையில் கை துடைப்பதை நிறுத்தவில்லை அவள்.
கீழே எழுத்து எழுத்தாக வந்தது,
இங்கே ஒன்றுமில்லை.