நானூற்றிருபது

கோத்தகிரிக்குக் கீழே, தேயிலை முடிந்து
சோலை தொடங்கும் வளைவில் எங்கள் கொட்டகை.
திறப்பு விழாவில் காண்ட்ராக்டர் மைக்கைத் தட்டிச் சொன்னார்:
"நானூற்றிருபது டிகிரி. எந்தக் குப்பையும் எண்ணெயாகும்."
அந்த எண்ணைக் கேட்டு
எனக்கு மட்டும் சிரிப்பு வந்தது.

குழாயைத் திறந்தார்.
தேன் நிறத்தில் தெளிவாக இறங்கியது.
தலைவரம்மா விரலில் தொட்டு மோந்துவிட்டுக்
கைக்குட்டை தேடினார்.
முந்தின ராத்திரி
பங்க்கிலிருந்து டீசல் கேனைச் சுமந்து வந்தவள் நான்.
அதற்குத் தனியாக இருநூறு ரூபாய்.

மறுமாதம் அவர் போன் அணைந்தது.
உலை எங்களிடம் நின்றது,
கடன்காரன் அவிழ்க்காமல் விட்டுப்போன எருமை மாதிரி.

வெல்டர் லூர்துசாமியும் நானும் மூட்டினோம்.
முதல் வாரம் வந்தது வெறும் தண்ணீர்.
கேரட் தழை, நாப்கின், சக்கை சொட்டும் டீக்கடைப் பை.
மலையின் பனி முழுக்க
எங்கள் குப்பையில்தான் இறங்கியிருந்தது.
இரண்டாம் வாரம் கண்ணைக் கரிக்கும் புகை;
யாரோ போட்ட பிவிசி துண்டு
குளிர்விக்கும் சுருளை அரித்துத் துளைத்துவிட்டது.
"இதுவும் வயிறுதான் பவுனு,
எதையும் தின்னும்னு சொன்னவன்
ஒருநாள்கூட சமைச்சிருக்க மாட்டான்."

அதன்பின் பிரித்தேன்.
பால் பாக்கெட் தனி. ஷாம்பு சாஷே தனி.
நூடுல்ஸ் உறையின் வெள்ளி முதுகு தனி.
சுற்றுலா வேன் உதறிப்போன மழைக்கோட்டு,
ஒரு பொம்மைக் கால்,
லேமினேட் செய்த யாருடைய மார்க்ஷீட்டோ.
அதை மட்டும் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தேன்.
எல்லாவற்றையும்
தேயிலை ஃபேக்டரிச் சுவரின் வெதுவெதுப்பில் காயப்போட்டேன்.

ராத்திரியில் காட்டெருமை வரும்.
உப்புக்காக சிப்ஸ் பையை நக்கும்.
டார்ச் அடித்தாலும் நகராது.
அது துப்பிவிட்டுப் போனதும் உலைக்குத்தான்.

ஐப்பசி அடைமழையில் ஒரு விடியல்.
முள் நானூறைத் தாண்டி நடுங்க,
குழாய் நுனியில் ஒரு சொட்டு.
கறுப்பு. கருகிய மெழுகின் வாடை.
பிறகு நூலாக. பிறகு அரை வாளி.
இருவரும் பேசவில்லை.
லூர்துசாமி ஒரு திரியை நனைத்துப் பற்றவைத்தார்.
எரிந்தது. புகைந்துகொண்டே, ஆனால் எரிந்தது.

ஊருக்குள் கொண்டுபோய்க் காட்டினோம்.
அதிகாரி வாளிக்குள் எட்டிப் பார்த்தார்:
"விழாவில் தேன் மாதிரி இருந்ததே.
நீங்கள் என்னத்தைக் கலக்கிறீர்கள்?"

என் நாக்கின் மேல்
இருநூறு ரூபாய் உட்கார்ந்திருந்தது.

மூடியை அழுத்திக்கொண்டு
மழையில் இறங்கி வந்தோம்.
விரலில் அந்த வாடை நாலு நாள் போகவில்லை.
சோற்றிலும் இருந்தது.