பதினேழு மில்லிமீட்டர்

திங்களன்று காசநோய்ச் சோதனை ஊசி.
இன்று புதன். சாட்ஸ்வொர்த் கிளினிக்கில்
முன்கைகள் வரிசையாய் வருகின்றன.

பஸ் ஓட்டும் பெக்கிசென்ஸோ ம்கிஸே
மீனைக் கிடத்துவதுபோல்
கையை என் மேசைமேல் கிடத்துகிறார்.
சிவப்பை அளக்கக் கூடாது, மேட்டை மட்டும்.
தோல்மேல் பேனாவை உருட்டி
அது தடுக்குமிடத்தில் கோடு போடுகிறேன்.
பதினேழு.

"எனக்கு இருமலே இல்லையே, சிஸ்டர்."
இல்லைதான். எக்ஸ்ரேயும் சுத்தம்.
என்றோ வந்ததை நீங்கள் மறந்துவிட்டீர்கள்,
கை மறக்கவில்லை.

புது டாக்டர் நெவிலன் படையாச்சிக்கு ஆர்வம் அதிகம்:
"டி செல்கள் போலீஸ் மாதிரி.
ஒவ்வொரு செல்லின் வாசலிலும் நின்று
அட்டையைக் காட்டு என்று கேட்கும்..."

ம்கிஸே சட்டைக்கையை இறக்கிவிட்டார்.
"க்வாமாஷுவில், விடிகாலை மூன்று மணிக்கு,
அப்பாவிடம் அதையேதான் கேட்டார்கள்.
என் ரத்தத்துக்குள்ளுமா இருக்கிறார்கள்?"

டாக்டரின் காதுகள் சிவந்தன.
அந்தச் சிவப்பையும் நான் அளக்கவில்லை.

எனக்கு ஸூலு சமையலறை அளவுக்குத்தான் வரும்.
அதனால் சமையலறையைச் சொன்னேன்:

ஒவ்வொரு வீடும் உள்ளே வேகிறதில் ஒரு துணுக்கை
யாரும் கேட்காமலே ஜன்னலில் வைக்கிறது.
தெருவோடு போகிறவள் முகர்ந்தபடி போகிறாள்.
ஒருத்திக்கு ஒரே ஒரு வாசனைதான் தெரியும்.
அது எதிர்ப்படாமலே முடிந்துபோகிறவர்கள் அநேகம்.
நம் வீட்டுச் சோற்றுக்கே முகம் சுளித்தவளை
நெஞ்செலும்புக்குப் பின்னாலுள்ள பள்ளி
வெளியே விட்டிருக்காது,
உயிரோடும்.

உங்களுக்குள் ஒருத்தி, என்றோ,
நிணநீர்க் கணுவின் நெரிசலில்
கிளைக்கைகள் நீட்டி யாரோ கொண்டுவந்த துணுக்கை
முகர்ந்தாள். அதுதான், என்றாள்.
ஒருத்தி ஆயிரமானாள்.
வேலை முடிந்தபின் மிஞ்சியவர்கள் சிலர்.

என் ஊசியில் கிருமி இல்லை, வாசனை மட்டும்.
அவர்கள் வந்து கூட இரண்டு நாள் பிடித்தது.
கூடி நிற்கிற இடம்தான் இந்த மேடு.

"கொல்லவும் செய்வார்களா?"

அதற்கென்றே சிலர் உண்டு.
கிருமி சமைக்கிற வீட்டை,
வீட்டோடு.

வெகுநேரம் கையையே பார்த்திருந்தார்.
"அப்படியானால் மூக்கு தவறக் கூடாது, சிஸ்டர்."

ஆறு மாத மாத்திரைக்குப் படிவம் எடுத்தேன்.
முதல் கட்டத்திலேயே அடையாள எண்.
கேட்கும்போது என் குரல் தானாகத் தணிந்தது.

பதின்மூன்று இலக்கங்களையும் சொன்னார்,
பையிலிருந்த அட்டையைத் தொடாமலே.