குற்றப் பிரேரணை

கிரெனோபிள், மாநகர மண்டபம், ஏழாம் அறை.
கோப்பை வாங்கிய கணக்கில்
நாற்பது யூரோ இடிக்கிறது.
சதுரங்கக் கழகக் குறிப்பேட்டில்
எந்தச் சொல்லை எழுத?

"பதவிநீக்கம்" என்றார் திரவியநாதன்.
இல்லை, அது முடிவு.
நாங்கள் இன்னும் விரல் நீட்டுவதில்தான் நிற்கிறோம்.

இங்கிலீசுக்காரனின் 'இம்பீச்',
இந்த ஊர்க்காரனின் 'அம்பெஷே',
இரண்டும் ஒரே லத்தீன் வயிற்றுப் பிள்ளைகள்:
காலில் தளை.
அவ்வளவுதான். தலைக்கு இன்னும் நாளிருக்கிறது.

பதினொரு கைகள் உயர்ந்தன. என்னுடையதும்.
குற்றப் பிரேரணை என்று எழுதினேன்.

தலைவர் குகதாசன் வாய் திறக்கவில்லை.
மண்டபச் சாவி அவரிடம்தான்.
நாங்கள் கோட்டு மாட்டும்வரை பொறுத்திருந்து
நாற்காலிகளை அடுக்கினார், விளக்கணைத்தார்.

வெளியே உறைபனி.
"பார்த்து, வழுக்கும்" என்றார்
எங்கள் கால்களையே பார்த்தபடி.