சி என்றால் சித்தூர்

வேலந்தாவளம் எடைமேடையில்
கோழி லாரி ஏறி நின்று நாற்பது நிமிடம்.
எடை தெரிகிறது, சீட்டு வரவில்லை.
நிற்க நிற்கக் கோழி இளைக்கும் என்று
டிரைவர் மாசிலாமணி என்னிடம் சொல்லவில்லை,
மேடையைப் பார்த்துச் சொன்னார்.
அதுவும் பத்துக் கிலோ குறைத்துக் காட்டியது.

பொள்ளாச்சியிலிருந்து ஸ்கூட்டரில் வந்தவள்
தலைக்கவசத்தைக் கழற்றும் முன்னே
முதுகுப்பக்கம் போனேன்.
எந்த இயந்திரமும் முகத்தில் உண்மை சொல்வதில்லை.
கேபிள் செருகிய வாயோரம் பச்சை எரிகிறது,
ஆரஞ்சு துடிக்கிறது.
உயிர் இருக்கிறது.
ஆள் யார் என்பதுதான் தெரியவில்லை.

போன வெள்ளி இடி
கம்பி வழியாக இறங்கிப் பழைய கார்டைத் தின்றுவிட்டது.
புதிதை யாரோ மாட்டியிருக்கிறார்கள்.
டப்பாவில் ஒரு கம்பெனி, சிப்பில் இன்னொன்று.
டப்பாவை நம்பி டிரைவர் ஏற்றி
(மாசிலாமணி அல்ல, மென்பொருள் டிரைவர்)
ராத்திரி முழுக்க விழித்த கதை எனக்கும் உண்டு.
இப்போதெல்லாம் பெயரைப் படிப்பதில்லை, எண்ணைப் படிக்கிறேன்.
செய்தவர்: ஒன்று பூஜ்யம் ஈ சி.
சாதனம்: எட்டு ஒன்று ஆறு எட்டு.
சரியாகத்தான் ஏற்றியிருக்கிறார்கள்.

கறுப்புத் திரையைத் திறந்து கட்டளை அடித்தேன்.
நூற்று அறுபத்தொன்பது, இருநூற்று ஐம்பத்து நான்கு
என்று ஆரம்பித்தது முகவரி.
கேட்டுப் பார்த்து, மறுபடி கேட்டுப் பார்த்து,
யாரும் தராதபோது
கம்ப்யூட்டர் தனக்குத்தானே வைத்துக்கொள்கிற முகவரி அது.
கேட்வே என்று போட்ட இடத்தில்
வரிசையாகப் புள்ளிகள்,
புள்ளிகளுக்கு அப்பால் வெற்றிடம்.

என் போன் மேசையருகே தமிழ்நாடு, ஜன்னலோரம் கேரளா.
ஜன்னலோரம் நின்று பாலக்காட்டு ஆபீஸைப் பிடித்தேன்.
வினயன் எடுத்தான்.
பட்டியலில் உள்ள எண்ணுக்குத்தான் உள்ளே வழி,
புது எண்ணைச் சொல்லு சேச்சி என்றான்.
பிறக்கும்போதே கார்டில் பொறித்த எண்,
ஆறு ஜோடி.
எஃப்போடு எழுத்து முடிந்துபோகிற அரிச்சுவடி.
"பூஜ்யம் பூஜ்யம். ஈ பூஜ்யம். நாலு சி."
"டியோ?"
"சி. சித்தூர் சி."
"ஏது சித்தூர்? நம்முடேயோ, ஆந்திராவோ?"
எதுவானாலும் சிதானே அப்பா என்றேன்.
லாரியில் ஒரு கோழி கூவ முயன்று விட்டுவிட்டது.

பட்டியலில் முப்பத்திரண்டு பேருக்குத்தான் இடமாம்.
ஒன்றை எடுத்தால்தான் ஒன்று.
பழைய எண் எது?
நூர்நிஷா மேசை இழுப்பறையைத் திறந்தாள்.
ரசீதுக் கட்டின் மேல் பாரமாக
அந்தக் கருகிய கார்டு.
ஸ்டிக்கரில் பாதி தீய்ந்து பாதி மிச்சம்.
தெரிந்தவரை வாசித்தாள்,
தெரியாததை வினயன் அங்கிருந்து சொல்லி முடித்தான்.
அழிச்சு, என்றான்.

ஒரு மூச்சு விடும் நேரம்.
புள்ளிகளுக்கு அப்பால் எண் வந்து உட்கார்ந்தது.
கீழே ஒரு வரி:
குத்தகை முடிவு, நாளை பிற்பகல் மூன்று பத்து.
"அதென்னங்க்கா குத்தகை?"
முகவரி சொந்தமில்லை,
நாளைக்கு ஒருதரம் கேட்டு வாங்கிக்கொள்ளும் என்றேன்.
தானாகவே கேட்கும், நீ ஒன்றும் செய்ய வேண்டாம்.
"எனக்குப் பதினொரு மாசம்," என்றாள்.
"நானேதான் போய்க் கேக்கோணும்."
அதற்கு என்னிடம் கட்டளை இல்லை.

பிரிண்டர் இருமிவிட்டுச் சீட்டைத் துப்பியது.
மாசிலாமணி எடையைப் படித்தார், என்னைப் படித்தார்,
வண்டியை எடுத்தார்.

எண்களை எல்லாம் ஒரு தாளில் எழுதி
பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டினேன்.
அடுத்த முறை யார் வந்தாலும்
முதுகுப்பக்கம் குனிய வேண்டாம்.
கிளம்பும்போது பார்த்தேன்,
என் கையெழுத்துக்குக் கீழே
நூர்நிஷாவின் சிவப்பு மை:
இடி இடித்தால் ஒயரைப் பிடுங்கவும்.