நான்கு மில்லியன்

டெக்லன் ரஷ்வொர்த்,
உனக்கு என்னைத் தெரியாது.
கிசுமுவில், டுங்கா கரையில்
மீன் நிறுக்கும் கொட்டகையில் கணக்கெழுதுகிறேன்.
பெயர் அவூர்.
என் விரல் பட்டுப் பட்டு
கைபேசித் திரையில் நீயும்
கொஞ்சம் கவிச்சி அடிக்கிறாய்.

விலைப்பட்டியலை எல்லோரும் மேலிருந்து படிப்பார்கள்.
நான் கீழிருந்து.
பதினான்கு, பன்னிரண்டரை என்று
யானை விலை சொல்லும் ராஜாக்கள் அங்கே உயரத்தில் இருக்கட்டும்.
படமில்லாத பெயர்கள் படிந்து கிடக்கும் அடிமண்ணில்
முகத்துக்குப் பதில் ஒரு சாம்பல் நிழலோடு
நான்கு மில்லியனுக்கு நின்றிருந்தாய்.
உன்னை வைத்திருப்பவர்
ஆயிரத்தில் இரண்டு பேர்.

ஏன் இவன், என்று ஒபுயா கேட்டான்.
பன்னிரண்டு பேர் லீகில் முதலிடம் அவனுக்கு.
போன வருஷம் ஜெயித்த பணத்தில்
பைக்குக்கு இரண்டு டயரும் மாற்றிக்கொண்டவன்.
நான் சொல்லவில்லை.
சொன்னால் அவனும் வாங்குவான்.

உனக்குச் சொல்கிறேன்.
ஒரு செவ்வாய் இரவு, யாரும் பார்க்காத கோப்பை ஆட்டம்.
அறுபத்தெட்டாம் நிமிடம் உள்ளே வந்தாய்.
உங்கள் ஊர் மழை, படுக்கை வாட்டில் பெய்கிற மழை.
கார்னர் கொடிக்குப் பந்தோடு நடந்தான் கேப்டன்.
நீ போய் அதை வாங்கிக்கொண்டாய்.
கேட்கவில்லை. வாங்கிக்கொண்டாய்.
அவனும் கொடுத்தான்.
அவ்வளவுதான் நான் பார்த்தது.
நீ அடித்த பந்து
முதல் தலையைக்கூடத் தாண்டவில்லை, அது வேறு.

நீளத்தைப் பார்த்து மீனுக்கு விலை சொல்பவன் ஏமாறுவான்.
எடை இருப்பது தலைக்குப் பின்னால்
கழுத்துத் தடிப்பில்.
இப்படிப் பெருமையடிக்கிறேனே,
உனக்கு முன்னால் ஒரு போர்ச்சுகல்காரன்: முழங்கால் போயிற்று.
ஒரு பெல்ஜியக்காரன்: துருக்கிக்கு விற்றுவிட்டார்கள்.
ஒரு கோல்கீப்பரை ஒன்பது வாரம் சுமந்தேன்,
அவன் கையுறையை ஒருநாளும் நனைக்கவில்லை.
குப்பையில் கிடப்பதெல்லாம் குன்றிமணியில்லை, ரஷ்வொர்த்.
பெரும்பாலும் குப்பைதான்.

ஐந்து வாரம் என் பெஞ்சில் இருந்தாய்.
பூச்சியம், ஒன்று, பூச்சியம், பூச்சியம்,
ஒருமுறை மைனஸ் ஒன்று.

பிறகு அந்தச் சனிக்கிழமை.
உங்கள் வலது பக்கத்துக்காரனுக்குத் தொடை பிடித்துக்கொண்டதாம்;
நீதான் ஆடுவாய் என்று காலையிலேயே தெரியும்.
மதியம் இரண்டுக்குள் உன்னை மேலே ஏற்ற வேண்டும்.
ஒன்றரைக்குத் தொழிற்சாலை லாரி வந்தது.
நாற்பத்து மூன்று கிலோவில் ஒரு ம்புட்டா.
தராசு பொய் சொல்கிறது என்று ஓட்டுநர் சத்தம் போட
படிக்கல்லை மாற்றி மாற்றி மூன்று முறை நிறுத்தோம்.
நாற்பத்து மூன்று. நாற்பத்து மூன்று. நாற்பத்து மூன்று.
கையைத் துடைத்துக்கொண்டு பார்க்கிறேன்,
மணி இரண்டு நாலு.

கோல் ஒன்று.
கொடுத்த கோல் ஒன்று.
எதிரிக்கு ஒன்றும் விடவில்லை.
மொத்தம் பதினெட்டு.
பெஞ்சில் பதினெட்டு!
என் பதினோரு பேரில் ஒருவனாவது
காய்ச்சலில் படுத்திருந்தால் நீ தானாக உள்ளே வந்திருப்பாய்.
எல்லோரும் ஆடினார்கள், பாவிகள்.
தொண்ணூறாம் நிமிடத்தில் இறங்கி
ஷூ லேஸ் கட்டிய ஒருவன்
ஒரு புள்ளியோடு உன் வழியை மறித்து நின்றான்.

ஞாயிறு காலை நூற்றுக்குப் பதினோரு பேரிடம் இருக்கிறாய்.
ஒபுயாவிடமும்.
விலை நான்கு புள்ளி ஒன்று.
சாம்பல் நிழலை எடுத்துவிட்டு
உன் முகத்தைப் போட்டிருக்கிறார்கள்.
காது நான் நினைத்ததைவிடப் பெரிது.

எனக்கு இப்போது ஒன்றுதான் தெரிய வேண்டும்.
ஆயிரத்தில் இரண்டு பேரில் ஒருத்தி நான்.
அந்த இன்னொரு ஆள் யார்?
எந்த ஊரில், யார் தூங்கிய பிறகு,
ஒலியைக் குறைத்து வைத்துக்கொண்டு
அந்த மழையைப் பார்த்தார்?
கேப்டன் கையிலிருந்து நீ பந்தை வாங்கியபோது
அவரும் நிமிர்ந்து உட்கார்ந்தாரா?

இரண்டு மணிக்குள்
உன்னை இறக்கினாரா?